இரண்டு செம்புக் கட்டி, ஒரு கம்பி: மிச்சம் எங்கே போனது?

மாற்றுக்குறையாதவன் | சனி, காலை 10:12

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டைப் பற்றிய "எந்தத் தொழிலை எடுப்பது" என்ற இழையில் நேற்று இரும்படிப்பவன் எழுதியதை வாசித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். மட்டுறுத்துநர் அவசரப்பட்டுப் பூட்டிவிட்டார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன், பிறகு நான் திரித்துவிட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்:

"நகைத்தொழில் என்பது சண்டைக்குப் பயந்தவர்களின் ஒதுங்கிடம். இரண்டு செம்புக் கட்டியைப் போட்டு ஒரு கம்பியை எடுத்துவிட்டுத் தங்களைக் கலைஞர்கள் என்கிறார்கள். வாளடிப்பவனிடம் உலோகத்தைக் கொடுத்தால் வாள் வரும். இவர்களிடம் கொடுத்தால் பாதி காணாமல் போகும்."

2007 ஜனவரியில் பர்னிங் குரூசேட் என்ற விரிவாக்கம் வந்தபோதுதான் நகைத்தொழில் அந்த விளையாட்டில் சேர்ந்தது. கொல்லர், தையல்காரர், தோல்காரர் எல்லாரும் முதல் நாளிலிருந்தே இருந்தார்கள். நாங்கள் கடைசியாக வந்தவர்கள், அந்த ஏளனம் இன்றுவரை தீரவில்லை. தொழிலில் சேர்ந்ததும் முதலில் செய்யக் கற்றுக்கொள்வது மெல்லிய செம்புக் கம்பி. இரண்டு செம்புக் கட்டி கொடுத்தால் ஒரு கம்பி.

இதைத்தான் அவர் கேலி செய்கிறார். நான் சொல்கிறேன், அந்தத் தொழிலின் அழகே அந்தக் கம்பியில்தான் தொடங்குகிறது. முதலில் செம்புக் கம்பி. அடுத்து வெண்கலத்தில் கல்லைத் தாங்கும் கட்டடம். அதற்கும் மேலே போனால் மித்ரிலில் நுண்கம்பிப் பின்னல். கம்பி, கட்டடம், பின்னல். இந்த வரிசையை அமைத்தவர் ஏதோ ஒரு பட்டறை வாசலில் கொஞ்ச நேரமாவது நின்று பார்த்திருக்கிறார். கொல்லர் தொழிலில் என்ன வரிசை இருக்கிறது? செம்புக் கவசம், வெண்கலக் கவசம், இரும்புக் கவசம். நிறம் மாறுகிறது, அவ்வளவுதான்.

பாதி காணாமல் போகிறதாம். எங்கே போகிறது என்று அவர் வந்து சொல்லட்டும்.

இரும்படிப்பவன் | சனி, காலை 10:40

வந்துவிட்டேன். வயிற்றெரிச்சலுக்கு மோர் குடியுங்கள் ஐயா.

கட்டடம், பின்னல் என்று கவிதை எல்லாம் வேண்டாம். என் கேள்வி சின்னது. ஒரு செம்புத் தாதுவை உருக்கினால் ஒரு செம்புக் கட்டி. ஒரு செம்புக் கட்டியும் ஒரு வெள்ளீயக் கட்டியும் சேர்த்து உருக்கினால் இரண்டு வெண்கலக் கட்டி. ஒன்றும் ஒன்றும் இரண்டு, கணக்கு சரியாக இருக்கிறது. சுரங்கம் தோண்டுகிறவன் உலையில் ஒரு பொட்டுக்கூடச் சிந்தாமல் வேலை செய்கிறான். அதே செம்பு நகைக்காரன் கைக்குப் போனதும் இரண்டு ஒன்றாகிவிடுகிறது.

மிச்சம் எங்கே? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | சனி, காலை 10:51

இருவருக்கும் வணக்கம். சண்டைக்கு முன் ஒரு சின்ன விளக்கம். "ஒரு கம்பி" என்பது நீளத்தின் அளவா, எடையின் அளவா, அல்லது எண்ணிக்கையா? அது தெரியாமல் பாதி போனது, முழுதும் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

மாற்றுக்குறையாதவன் | சனி, காலை 11:05

மிச்சம் எங்கேயும் போகவில்லை. கம்பி என்றால் கொடி கட்டும் கம்பி மாதிரி ஒரு முழத் துண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் நம் இரும்பு நண்பர். அது சுருள். அந்தப் பொருளின் படத்தை ஒரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள். சுற்றிச் சுற்றி வைத்திருக்கிறது. இரண்டு கட்டிச் செம்பும் அந்தச் சுருளுக்குள்தான் இருக்கிறது.

இரண்டு கம்பியை முறுக்கினால் பின்னல் செம்பு மோதிரம். ஒரு கம்பியோடு ஒரு புலிக்கண் கல்லைச் சேர்த்தால் புலிக்கண் மோதிரம். எல்லாம் பத்தாவது லெவலைக்கூடத் தாண்டாத பிள்ளைகள் விரலில் போடுவது. முதல் மோதிரத்தை நான் செய்தபோது ஏலக்கூடத்தில் வைக்க மனம் வரவில்லை. அதை என் வங்கிப் பெட்டியில் இன்றும் வைத்திருக்கிறேன். இவர் அடித்த முதல் செம்புக் கவசத்தை என்ன செய்தார் என்று கேளுங்கள். கடைக்காரனிடம் எடைக்குப் போட்டிருப்பார்.

இரும்படிப்பவன் | சனி, காலை 11:09

இரண்டு கம்பிக்கு ஒரு மோதிரம். அப்படியென்றால் ஒரு மோதிரத்துக்கு நான்கு கட்டிச் செம்பு! விரலில் போடுவதா, கழுத்தில் மாட்டிக்கொண்டு கிணற்றில் குதிப்பதா?

ஏழடிக்குள்ளன் | சனி, காலை 11:30

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இங்கே குஞ்சே செம்பாக இருக்கிறது.

நீங்கள் வார்கிராஃப்டோடு நின்றுவிட்டீர்கள். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் தங்கத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, பதக்கம் செய்கிறோம். பிறகு அதை எதில் கோக்கிறோம் தெரியுமா? ஆட்டின் மயிரை வெட்டி நூற்ற கம்பளி உருண்டையில். மரகதம், மாணிக்கம், வைரம் எதுவானாலும் கம்பளிதான். வேர்க்காதா என்று யாரும் கேட்டதில்லை.

லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைனில் இன்னும் மேல். அங்கே "டிங்கர்" என்று ஒரு பிரிவை எடுத்தால் மூன்று வேலை சேர்ந்து வரும்: சுரங்கம் தோண்டுவது, நகை செய்வது, சமையல். காலையில் தோண்டி, மதியம் கம்மல் செய்து, இரவு குழம்பு வைக்கலாம்.

இரும்படிப்பவன் | சனி, காலை 11:38

குள்ளரே, நன்றி. ரூன்ஸ்கேப்பை எடுத்துக் கொடுத்ததே நல்லதாயிற்று. அங்கே தங்கத் தாதுவை உருக்குவது எந்தத் திறனில் வருகிறது? கொல்லர் திறனில். நாற்பதாவது நிலை வந்தால்தான் முடியும். நகை செய்வது வேறு திறன். அதாவது கொல்லன் உருக்கிக் கொடுத்தால் இவர்கள் அச்சில் ஊற்றிக்கொள்வார்கள். ஸ்கைரிம் விளையாட்டில் நகைக்கென்று தனித் தொழிலே கிடையாது. 2011 முதல் இன்றுவரை மோதிரமும் அட்டிகையும் கொல்லன் உலையில்தான் செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் குடியிருந்துகொண்டு எங்களையே ஏளனம் செய்கிறார்கள்.

கேள்வி நிலுவையில் இருக்கிறது. இரண்டு கட்டி, ஒரு கம்பி. மிச்சம்?

மாற்றுக்குறையாதவன் | சனி, பகல் 12:15

ஸ்கைரிமைத் தொட்டதற்கு மிக்க நன்றி. அங்கே தாதுவை மாற்றும் மந்திரம் ஒன்று இருக்கிறது. கொள்ளையர் கூடாரம் ஒன்றில் அந்த நூல் கிடைக்கும். கையில் தாதுவை வைத்துக்கொண்டு சொன்னால் இரும்பு வெள்ளியாகும். மறுபடி சொன்னால் வெள்ளி தங்கமாகும். தங்கம் இரும்பாக மாறும் மந்திரம் எங்கேயாவது கேள்விப்பட்டீர்களா? அந்த விளையாட்டில் இரும்புக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான், எப்படியாவது தங்கமாகிவிட வேண்டும். பாதிப் பேர் கொல்லர் திறனையே அப்படித்தான் ஏற்றினார்கள்: இரும்பைத் தங்கமாக்கி, தங்கத்தை மோதிரமாக்கி. உங்கள் தொழிலில் நீங்கள் உயர்வதற்கே எங்கள் மோதிரம் வேண்டியிருந்திருக்கிறது.

ரூன்ஸ்கேப்பில் தங்கம் உருக்குவதற்கென்றே ஒரு கையுறை உண்டு, ஃபேமிலி கிரெஸ்ட் என்ற பயணத்தை முடித்தால் கிடைக்கும். பெயரே பொற்கொல்லர் கையுறை. அதைப் போட்டால் ஒரு கட்டிக்கு 22.5 ஆக இருந்த அனுபவப் புள்ளி 56.2 ஆகிறது. இரும்புக்கு அப்படி ஏதாவது மரியாதை உண்டா?

இவர் ஏன் நகைத்தொழிலை வெறுக்கிறார் என்பது எனக்குத் தெரியும். கல்லைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா? ஐந்து தாதுவை உடைத்துச் சலித்தால் உள்ளே என்ன கல் என்பது யாருக்கும் தெரியாது. செம்புத் தாதுவில் மலக்கைட் வரலாம், புலிக்கண் வரலாம், நல்ல நேரமாக இருந்தால் நிழற்கல் வரலாம். ஐந்து தாதுவும் போய்விடும், திரும்பி வராது. இதைத்தான் தொழில் என்பேன். கொல்லன் உலையில் இரும்பை வைக்கும்போதே என்ன வரும் என்று தெரியும். தெரிந்ததைச் செய்வதில் என்ன படபடப்பு இருக்கிறது?

இரும்படிப்பவன் | சனி, பகல் 12:21

ஆக, கம்பியில் பாதி காணோம். கல் சலித்தால் ஐந்தும் காணோம். நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

பட்டறைப்பிள்ளை | சனி, பிற்பகல் 2:02

இந்த மன்றத்தில் எழுதுவது அரிது. ஆனால் நீங்கள் பேசுவது என் வீட்டு விஷயம். என் அப்பா நகைப் பத்தர். நாற்பது வருடம் குமுட்டி அடுப்புக்கு முன் உட்கார்ந்தவர். நான் கணினிக்கு முன் உட்கார்ந்துவிட்டேன்.

கம்பி இழுப்பது எப்படி என்று சொல்கிறேன். வார்த்த பாளத்தைத் தட்டி நீட்டி, நுனியைக் கூராக்கி, துளை போட்ட எஃகுத் தகட்டில் நுழைத்து, மறுபக்கம் குறட்டால் பிடித்து இழுப்பார்கள். பெரிய துளை, அதற்குச் சின்னது, அதற்கும் சின்னது. நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை கம்பி விறைத்துக்கொள்ளும். தணலில் காட்டிச் சிவக்க வைத்து ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் அறுந்துவிடும். சின்ன வயதில் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து வாசல் வரை நடப்பது என் வேலை. கம்பி நீண்டுகொண்டே போகும்.

எடை குறையாது. தராசில் வைத்தால் போன எடை அப்படியே வரும். நுனியை அராவியதில் விழுந்த பொடி மட்டும்தான் கணக்கு, அதையும் விட மாட்டார்கள். அப்பா எழுந்திருக்கும்போது வேட்டியை உதறித்தான் எழுந்திருப்பார். கை கழுவுவதற்கென்றே தனியாக ஒரு தாம்பாளம் இருக்கும், அந்தத் தண்ணீரைக் கொட்டவே விட மாட்டார். பட்டறையைப் பெருக்கிய குப்பையைக்கூடச் சேர்த்து வைத்து, அரித்தெடுப்பவர்களிடம்தான் கொடுப்பார்.

அதனால் இரண்டு கட்டி போட்டு ஒரு கட்டி எடைக்குக் கம்பி வருகிறது என்றால் அது பொற்கொல்லர் தொழில் இல்லை.

இரும்படிப்பவன் | சனி, பிற்பகல் 2:05

கேட்டீர்களா? பத்தர் வீட்டுப் பிள்ளையே சொல்லிவிட்டார். பொற்கொல்லர் தொழில் இல்லையாம்.

மாற்றுக்குறையாதவன் | சனி, பிற்பகல் 2:06

கேட்டீர்களா? எடை குறையாது என்று பத்தர் வீட்டுப் பிள்ளையே சொல்லிவிட்டார். நான் காலையிலிருந்து அதைத்தான் சொல்கிறேன்.

பட்டறைப்பிள்ளை | சனி, பிற்பகல் 2:20

நான் இரண்டு பேருக்குமே சாட்சி சொல்லவில்லை. "குறைந்தால் தொழில் இல்லை" என்றேன். குறைகிறதா என்பது எனக்குத் தெரியாது. மேலே கணக்குப்பிள்ளை கேட்டதற்கு யாராவது பதில் சொன்னால் தெரியும்.

எனக்கு வேறு ஒரு குறை. இந்த விளையாட்டுகள் எதிலுமே தராசு இல்லை. உரைகல் இல்லை. தங்கம் என்ன மாற்று என்று பார்ப்பதே கிடையாது. வெங்காரம் வைத்துப் பொடி தூவி ஊதுகுழலால் ஊதிப் பற்ற வைப்பது இல்லை. ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டை நிரம்புகிறது. அதைப் பொற்கொல்லர் தொழில் என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

மாற்றுக்குறையாதவன் | சனி, பிற்பகல் 2:58

தம்பி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். ஆனால் "எதிலுமே" என்று சொல்லாதீர்கள். பைனல் பேண்டஸி 14 விளையாடியிருக்கிறீர்களா? உல்தா என்ற பாலைவன நகரத்தில் பொற்கொல்லர் சங்கம் இருக்கிறது. ஒரு கையில் சுத்தியல், இன்னொன்றுக்குச் சாணைச் சக்கரம். அங்கே பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. வேலை முன்னேறுவது ஒரு அளவு, தரம் ஏறுவது ஒரு அளவு, பொருள் எத்தனை தட்டுத் தாங்கும் என்பது ஒரு அளவு. ஒவ்வொரு சாதாரண தட்டுக்கும் தாங்கும் அளவில் பத்துப் புள்ளி போகிறது. தரத்துக்கு ஆசைப்பட்டு ஒரு தட்டு கூடுதலாகத் தட்டினால் வேலை முடியுமுன்பே நொறுங்கிவிடும். இன்னொரு தட்டு தட்டலாமா, முடித்துவிடலாமா என்று கையை நிறுத்தி யோசிக்கும் அந்த ஒரு நொடி உங்கள் அப்பாவுக்கும் இருந்திருக்கும்.

அந்த நொடிக்காகத்தான் நான் இந்தத் தொழிலை எடுக்கிறேன். வாளுக்காகவோ பணத்துக்காகவோ இல்லை.

இரும்படிப்பவன் | சனி, பிற்பகல் 3:03

அதே விளையாட்டில் கொல்லருக்கும் அதே மூன்று அளவுதான். சமையல்காரருக்கும் அதே மூன்று அளவுதான். குழம்பும் நொறுங்கும். பேச்சை மாற்றாமல் கம்பிக்கு வாருங்கள்.

பாஸ்டோக்வாசி | சனி, மாலை 4:44

பதினான்கு பற்றிப் பேசுகிறீர்கள், பதினொன்றை மறந்துவிட்டீர்கள். ஜப்பானில் 2002இல் வந்த பைனல் பேண்டஸி 11. அங்கே தொழிலின் பெயரே பொற்கொல்லர் தொழில்தான். பாஸ்டோக் சந்தைப் பகுதியில் சங்கம். அந்தப் படிகளில் நான் உட்கார்ந்து கழித்த மாலைகளுக்குக் கணக்கே இல்லை.

நான்கு செம்புத் தாது, ஒரு நெருப்புப் படிகம். உருக்கினால் ஒரே ஒரு கட்டி. தோற்றால் படிகம் கண்டிப்பாகப் போகும், தாதுவும் போனாலும் போகும். உங்கள் சேதாரச் சண்டையெல்லாம் எங்களுக்கு அன்றாடம். யாரும் வாய் திறந்ததில்லை.

ஆனால் நாங்கள் திசை பார்ப்போம். எந்தப் படிகமோ அதற்குரிய திசையில் முகம் வைத்து நின்று, அதற்குரிய கிழமையில், நிலவின் பிறை பார்த்துச் செய்வோம். அந்த உலகத்தில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் 57 நிமிடம் 36 நொடி. நெருப்புக் கிழமை வருகிறதா என்று காத்திருந்து, சரியான மூலையில் நின்று செய்தேன். மோதிரத்தின் பெயருக்குப் பின்னால், உயர்தரம் என்பதற்கு அடையாளமாக, +1 என்று வந்தது. ஒரு தடவை அல்ல, பல தடவை.

ஏழடிக்குள்ளன் | சனி, மாலை 4:50

அம்மணி, ராகுகாலம் பார்த்தீர்களா?

கணக்குப்பிள்ளை | சனி, மாலை 5:10

எத்தனை தடவை செய்து எத்தனை தடவை +1 வந்தது? வேறு திசையில் நின்று எத்தனை? இரண்டையும் எழுதி வைத்திருந்தால் தவிர அதை நம்பிக்கை என்றுதான் சொல்ல முடியும்.

பாஸ்டோக்வாசி | சனி, மாலை 5:26

வேறு திசையில் நான் ஏன் நிற்க வேண்டும்? கெட்டுப்போகும் என்று தெரிந்துகொண்டே ஆறு தங்கக் கட்டியைப் போட எனக்கென்ன பைத்தியமா?

கணக்குப்பிள்ளை | சனி, மாலை 5:28

அதுதான் பிரச்சினையே.

மாற்றுக்குறையாதவன் | சனி, மாலை 6:15

அம்மணியைக் கேலி செய்யாதீர்கள். திசை வேலை செய்ததா இல்லையா என்பது வேறு. ஒரு மோதிரத்துக்காகக் கிழமை பார்த்து, பிறை பார்த்து ஒரு மனிதர் காத்திருந்தாரே, வாளுக்காக யாராவது அப்படிக் காத்திருந்தார்களா?

பாஸ்டோக்வாசி | சனி, மாலை 6:21

காத்திருந்தார்கள். எல்லாத் தொழில்காரர்களும் திசை பார்த்தார்கள். கொல்லர்களும், தச்சர்களும். எனக்காகப் பேசுவதாக நினைத்து இல்லாததைச் சொல்லாதீர்கள். "வேலை செய்ததா இல்லையா என்பது வேறு" என்று எழுதியதற்கும் எனக்கு வருத்தம். வேலை செய்தது.

இரும்படிப்பவன் | சனி, மாலை 6:30

இவருக்கு ஆதரவாக வந்தவர்களையும் இவரே விரட்டிவிடுகிறார். எனக்கு வேலை மிச்சம்.

சரி, நானும் உண்மையைப் பேசிவிடுகிறேன். 2021இல் பர்னிங் குரூசேட்டை மறுபடி திறந்தார்கள், நினைவிருக்கிறதா? நாம் இருவரும் ஒரே குழுவில் இருந்தோம். இரண்டு வாரம் தாது தோண்டி, உள்ளதையெல்லாம் விற்று, ஏலக்கூடத்தில் ஒரு உயிர் மாணிக்கம் வாங்கினேன். கவசத்தில் பதித்தால் என் வீரனுக்கு வலிமை எட்டுக் கூட்டும் வெட்டு வேண்டும் என்று உங்களிடம் கொடுத்தேன். கூலியும் வைத்தேன். நீங்கள் என்ன வெட்டித் தந்தீர்கள்? மந்திரவாதிகள் போடும் வெட்டு! மந்திரச் சேதம் ஒன்பது கூடுமாம். கோடாரி தூக்குகிறவனுக்கு! ஒருமுறை வெட்டினால் கல்லைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. "மன்னிக்கவும், அவசரத்தில் பக்கத்து வரியை அழுத்திவிட்டேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறினீர்கள்.

கையை நிறுத்தி யோசிக்கும் அந்த ஒரு நொடி அன்றைக்கு எங்கே போனது ஐயா?

ஏழடிக்குள்ளன் | சனி, மாலை 6:33

ஆக மொத்தம் இது கம்பிச் சண்டை இல்லை.

மாற்றுக்குறையாதவன் | சனி, இரவு 7:40

இதற்காகத்தான் இத்தனை நாள் மனதில் வைத்திருந்தீர்களா? அந்தக் கல்லுக்கு ஈடாகப் பணம் தருகிறேன் என்றேன். நீங்கள்தான் வேண்டாம் என்று வீம்பு பிடித்தீர்கள். குழுவில் எல்லாரும் பார்க்கும்படி "தானமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினீர்கள். இப்போது கேட்டால்?

அது மட்டும் இல்லை. அந்தக் குழுவில் இருபத்தைந்து பேர். பெரும்பாலோருடைய தலையிலும் தோளிலும் மார்பிலும் நான் வெட்டிய கற்கள் இருந்தன. நூறுக்கு மேல் வெட்டியிருப்பேன், பாதிக்குக் கூலியே வாங்கவில்லை. ஒரே ஒரு கல் தவறியது. நீங்கள் அந்தக் குழுவில் எத்தனை பேருக்கு ஆயுதம் அடித்துக் கொடுத்தீர்கள்? உங்களுக்கு நீங்களே ஒன்று அடித்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். கொல்லர் தொழிலில் நல்ல ஆயுதங்களை அடித்தவனைத் தவிர வேறு யாரும் தொட முடியாது. என் கல் ஊரெல்லாம் போகும். இதுதான் நகைத்தொழிலின் ஈர்ப்பு, இதைத்தான் காலையிலேயே எழுதியிருக்க வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டீர்கள்.

இரும்படிப்பவன் | சனி, இரவு 7:52

கம்பி இழுப்பதுதானே உங்கள் தொழில், இழுபட்டால் என்ன?

"ஒரே ஒரு கல்" என்கிறார். தாய்ப்பொன்னிலும் குன்றிமணி எடுப்பார்கள் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. இரண்டு கட்டிக்கு ஒரு கம்பி என்பதும் அந்தக் குன்றிமணிக் கணக்குதான்.

பட்டறைப்பிள்ளை | சனி, இரவு 8:15

இந்த வரியை எழுதுமுன் என் அப்பாவின் கை கழுவும் தாம்பாளத்தைப் பற்றி நான் எழுதியதை ஒருமுறை படித்திருக்கலாம். அந்தத் தண்ணீரைச் சேர்த்து வைத்தது திருடுவதற்காக அல்ல, நகை கொடுத்தவருக்கு எடை காட்டுவதற்காக. வாடிக்கையாளர் எதிரே பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கண்ணெதிரேதான் உருக்கு, அவர் கண்ணெதிரேதான் தராசு. அந்தப் பழமொழியைக் கேட்டுக்கேட்டே வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் என் பெயரே அதுதான்.

பொடி வைத்துப் பேசாதீர்கள். பொடி எங்கள் வீட்டுச் சரக்கு, எங்கே வைத்தால் பற்றும் என்று எங்களுக்குத் தெரியும்.

இரும்படிப்பவன் | சனி, இரவு 8:22

உங்கள் அப்பாவைச் சொல்லவில்லை. விளையாட்டைச் சொன்னேன்.

பட்டறைப்பிள்ளை | சனி, இரவு 8:24

பழமொழி விளையாட்டைப் பற்றியது இல்லை.

மட்டுறுத்துநர் | சனி, இரவு 8:40

தொழிலை வைத்தோ குடும்பத்தை வைத்தோ யாரையும் சீண்டக் கூடாது. இரும்படிப்பவனுக்கு முதல் எச்சரிக்கை. 2021 மாணிக்கப் பஞ்சாயத்தைத் தனி மடலில் வைத்துக்கொள்ளுங்கள். இழையின் பொருளுக்குத் திரும்பவும்.

மாற்றுக்குறையாதவன் | சனி, இரவு 9:30

திரும்புகிறேன். பொருள் என்னவென்று எனக்கு நினைவிருக்கிறது, வேறு யாருக்கும் இல்லை.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2014இல் வந்தது. கொல்லர், தையல்காரர், தச்சர், மந்திரம் பூட்டுபவர், சமையல்காரர் எல்லாரும் இருந்தார்கள். நகைத்தொழில் மட்டும் இல்லை. 2018இல் சம்மர்செட் என்ற விரிவாக்கம் வந்தபோதுதான் சேர்த்தார்கள். நான்கு வருடம் மோதிரத்தையும் அட்டிகையையும் கொன்ற பேய்களிடமிருந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். சேர்த்த அன்று என்ன நடந்தது தெரியுமா? வெள்ளீயக் கலவைத் தூளுக்குக்கூட ஆட்கள் மலை மலையாக அலைந்தார்கள். கடைசி முலாம் பூசும் குரோமியம் விற்ற விலையில் ஒரு வீட்டுக்கே சாமான் வாங்கியிருக்கலாம். நான்கு வருடம் இல்லாமல் இருந்து வந்த தொழிலுக்கு அந்த வரவேற்பு. கொல்லர் தொழிலை நான்கு வருடம் எடுத்துவிட்டு மறுபடி தந்தால் யாராவது கவனிப்பார்களா?

ஏழடிக்குள்ளன் | சனி, இரவு 9:36

நான் கவனிப்பேன். அமைதியாக இருக்குமே.

டுவார்ஃப் ஃபோர்ட்ரஸில் கல் வெட்டுகிற குள்ளன் வேறு, கல் பதிக்கிற குள்ளன் வேறு, உலோகத்தில் மோதிரம் செய்கிற குள்ளன் வேறு. ஒருவனுக்கு ஆவேசம் வந்தால் பட்டறையைப் பிடித்துக்கொண்டு கேட்ட பொருள் கிடைக்கும் வரை விட மாட்டான். கிடைக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். இந்த இழையைப் பார்த்ததும் ஏனோ அவன் நினைவு வந்தது.

இரும்படிப்பவன் | சனி, இரவு 9:41

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் பத்துக் குரோமியத் தூளைச் சுத்திகரித்தால் எத்தனை முலாம் வருகிறது? அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மாற்றுக்குறையாதவன் | சனி, இரவு 9:44

ஒன்று. அது தூள். தூளில் அழுக்கு இருக்கும்.

பாஸ்டோக்வாசி | சனி, இரவு 9:50

எங்களுக்கு நான்குக்கு ஒன்று. யாரும் வாய் திறந்ததில்லை.

இரும்படிப்பவன் | சனி, இரவு 9:52

அம்மணி, உங்களுடையது தாது. அவருடையது தூள். நான் கேட்பது கட்டி. உருக்கி, சுத்தமாக்கி, கல்லும் மண்ணும் போன பின் வந்த கட்டி. அதில் இரண்டு போட்டு ஒன்று எடுப்பதைத்தான் கேட்கிறேன்.

மாற்றுக்குறையாதவன் | சனி, இரவு 10:05

சுருள் என்று காலை 11:05க்கே சொல்லிவிட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா இல்லையா?

இரும்படிப்பவன் | சனி, இரவு 10:11

பார்த்தேன். மூன்று சுற்று. இரண்டு கட்டிச் செம்புக்கு மூன்று சுற்றா?

கணக்குப்பிள்ளை | சனி, இரவு 10:20

கம்பியின் பருமன் தெரிந்தால் சுற்றை வைத்து எடை சொல்லிவிடலாம். யாராவது...

மாற்றுக்குறையாதவன் | சனி, இரவு 10:22

நான்கு சுற்று. பின்னால் ஒன்று மறைந்திருக்கிறது. நாளைக் காலை படத்தோடு வருகிறேன்.